கடுகளவு காற்று... காலை வாரும் பின் பிரேக்!

திருவண்ணாமலை:-

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு வாலிபர் பைக்கில் இறங்கி வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். பின்னால் மனைவி. இருவருக்கும் நடுவே குழந்தை. டேங்கின் மேல் ஒரு பை. பையில் மலைத்தேனும் சாமை அரிசியும்.

காலையில் மலை ஏறும்போது வண்டி நன்றாகத்தான் இருந்தது. பாதி மலை இறங்கியதும் ஒரு கொண்டை ஊசி வளைவு. வாலிபர் பின் பிரேக்கை மிதிக்கிறார்.

பெடல் இறங்குகிறது. இன்னும் இறங்குகிறது. அடிவரை போய் முட்டி நிற்கிறது.

வண்டி மட்டும் நிற்கவில்லை!

பிரேக் கம்பி அறுந்து விட்டதா? இல்லை. யாராவது வேண்டாதவர்கள் செய்த சதியா? அதுவும் இல்லை. குற்றவாளி வெளியே எங்கும் ஓடவில்லை. பிரேக்குக்கு உள்ளேயே பதுங்கி இருக்கிறான்.

அவன் பெயர் காற்று. சில சமயம் ஆவி!

"டயர்லதானே ஏர் இருக்கும்?"

திருவண்ணாமலையில் செங்கம் ரோடு, போளூர் ரோடு, வேட்டவலம் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் டூவீலர் பட்டறை உண்டு. அங்கே பின் பிரேக் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

"அண்ணே, பின் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது. நட்டை ரெண்டு திருகு திருகி விடுங்க."

"தம்பி, இது டிரம் பிரேக் இல்ல, டிஸ்க். நட்டைத் திருகினா வேலை கெட்டுப் போயிடும். ஏர் எடுக்கணும்."

"ஏர் எடுக்குறதா? டயர்லதானே ஏர் இருக்கும்?"

சிரிக்க வேண்டாம். இந்த சந்தேகம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு.

காரணம், பழைய பழக்கம். புல்லட், ராஜ்தூத், டி.வி.எஸ். 50 ஓடிய காலத்தில் பின் சக்கரத்தில் இருந்தது டிரம் பிரேக். பிடிமானம் குறைந்தால் நட்டை இரண்டு சுற்று முறுக்கினால் போதும். வண்டி "கப்" என்று நிற்கும். ஸ்பேனர் இருந்தால் வீட்டு வாசலிலேயே வேலை முடிந்து விடும்.

1990-களின் கடைசியில் நம் ஊர் பைக்குகளின் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் பரவத் தொடங்கியது. பிறகு பின் சக்கரத்துக்கும் வந்தது. மண் ரோடு, மலை ரோடு என்று எங்கும் ஓடும் பைக்குகள் வந்தபோது இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் என்று ஆகி விட்டது. 2016-ல் வந்த ராயல் என்பீல்டு ஹிமாலயனில் பின் டிஸ்க் 240 மில்லி மீட்டர். 2019-ல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ல் 220 மில்லி மீட்டர்.

வண்டி மாறி விட்டது. வண்டிக்காரரின் பழக்கம் மட்டும் மாறவில்லை!

ஊசி போடும் கம்பவுண்டர்

டிஸ்க் பிரேக்கில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கம்பி கிடையாது. இருப்பது எண்ணெய்தான். பட்டறையில் அதை பிரேக் ஆயில் என்பார்கள்.

காலை வைத்து மிதிக்கிறீர்கள். பெடலுக்குப் பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. அதற்குள் இருக்கும் சின்ன பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் டியூப் வழியாக பின் சக்கரத்துக்குப் போகிறது. அங்கே கேலிப்பருக்குள் பெரிய பிஸ்டன் இருக்கிறது. அது பிரேக் பேடைத் தள்ள, பேடு டிஸ்க்கைக் கவ்வுகிறது.

அடைத்து வைத்த திரவத்தை ஒரு பக்கம் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே போகும். 17-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் சொன்ன விதி இது. கேலிப்பர் பிஸ்டனின் பரப்பு மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைப் போல் 6 மடங்கு என்று வைத்துக் கொண்டால், அங்கே கிடைக்கும் பலமும் 6 மடங்கு. அதனால்தான் கால் கட்டை விரல் அழுத்தத்திலேயே அத்தனை பெரிய வண்டி நின்று விடுகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. உள்ளே ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

ஆயிலை அமுக்கினால் சுருங்காது. காற்று சுருங்கும். கடுகளவு காற்றுக் குமிழ் உள்ளே இருந்தாலும், நீங்கள் மிதிக்கும் மிதி முதலில் அந்தக் குமிழைச் சுருக்கத்தான் போகும். மிச்சம் இருந்தால்தான் சக்கரத்துக்கு! பெடல் பஞ்சு போல் இருப்பது இதனால்தான்.

கம்பவுண்டர் ஊசி போடுமுன் என்ன செய்கிறார்? ஊசியை மேலே தூக்கிப் பிடித்து, விரலால் சுண்டி, குமிழை வெளியே தள்ளுகிறார் அல்லவா? பிரேக்கில் ஏர் எடுப்பதும் அதே வேலைதான்.

நட்டைத் திருகினால் வினை!

பழைய பழக்கத்தில் சிலர் டிஸ்க் பிரேக்கிலும் நட்டைத் தேடுகிறார்கள். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் தண்டில் ஒரு நட்டு உண்டு. "கிடைச்சிருச்சு" என்று அதைத் திருகி விடுகிறார்கள். பெடல் கொஞ்சம் மேலே வந்து விடும். பிரேக் சரியாகி விட்டது போலத் தெரியும்.

ஆபத்து அங்கேதான்!

மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பிப் போக ஊசி முனை அளவு துவாரம் ஒன்று இருக்கிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் பின்னால் நகர்ந்து அந்தத் துவாரத்தைத் திறந்து விடும். தண்டை நீட்டி வைத்து விட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் போகாது. துவாரம் திறக்காது. சூடேறி விரியும் ஆயில் திரும்பிப் போக வழி இல்லை. பேடு டிஸ்க்கைக் கவ்வியபடியே கிடக்கும்.

உராய்வில் டிஸ்க் கொதிக்கும். டிஸ்க் கொதித்தால் ஆயில் கொதிக்கும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் கிளம்பும். ஆவியும் காற்றைப் போலத்தான், அமுக்கினால் சுருங்கும்.

இறுக்கமாக இருந்த பெடல் ஒரே நிமிடத்தில் "தொப்" என்று விழுவது இதனால்தான். பெடலுக்குக் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். எவ்வளவு என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கும்.

நட்டைத் தொடாதவர்களுக்கும் இந்தக் கதி வரலாம். பெடல் மேலேயே பாதத்தை வைத்துக் கொண்டு மலை இறங்கினால் பலன் ஒன்றுதான்.

தண்ணீர் குடிக்கும் ஆயில்

பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை அது மெல்ல மெல்லக் குடிக்கும். மூடி திறந்தே கிடந்தால் இன்னும் சீக்கிரம் குடிக்கும்.

பாட்டிலில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கொதிநிலைக் கணக்கு. புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. டாட் 4 என்றால் 230 டிகிரி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்து விட்டால்? டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 என்று இறங்கி விடுகிறது.

ஒரே வண்டி, ஒரே மலை, ஒரே டிஸ்க். ஆனால் தண்ணீர் சேர்ந்த பழைய டாட் 4 ஆயில் 75 டிகிரி முன்னதாகவே கொதித்து விடும்!

புது ஆயில் இளம் மஞ்சளாக இருக்கும். டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்து விட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். நிறம் மாறாவிட்டாலும் பொதுவாக 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றி விட வேண்டும்.

ஊருக்குள் ஓட்டும்போது இது ஒன்றும் தெரியாது. தேரடி வீதி நெரிசலில் வேகம் எங்கே வரப்போகிறது? அண்ணாமலையைச் சுற்றும் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையிலும் பெரிய இறக்கம் இல்லை. போளூர் தாண்டி ஜமுனாமரத்தூர் மலை ரோட்டில் இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மண் ரோட்டில் பின் பிரேக்தான் ராஜா

தார் ரோட்டில் முன் பிரேக்குக்குத்தான் பலம் அதிகம். மண்ணிலும் சரளையிலும் கதை வேறு. முன் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் போதும், முன் சக்கரம் வழுக்கி ஆளைக் கீழே தள்ளி விடும். அதனால் டர்ட் பைக் ஓட்டுகிறவர்கள் பின் பிரேக்கையே அதிகம் நம்புகிறார்கள்.

நம்பும் அளவுக்கு அதற்கு அடியும் உண்டு. பின் சக்கரம் வாரி இறைக்கும் சேறு கேலிப்பரில் அப்பிக் கொள்கிறது. கல் தெறித்து டியூபில் படுகிறது. வண்டி சாய்ந்து கிடக்கும்போது, டப்பாவில் ஆயில் குறைவாக இருந்தால் காற்று உள்ளே புகுந்து விடலாம்.

மலை கிராமத்து மக்கள் இந்த ரோடுகளில் மூட்டையோடு தினமும் ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை பீமன் அருவி பார்க்கப் போகும் டவுன்காரரை விட அவர்களுக்குத்தான் இந்த பிரேக் முக்கியம்.

மூன்று சோதனை

உங்கள் வண்டிக்கு என்ன வியாதி? கடைக்குப் போகுமுன் நீங்களே பார்க்கலாம்.

ஒன்று: பெடல் பஞ்சு போல் இருக்கிறது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் மேலே வருகிறது. காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு: மிதித்து அப்படியே பிடித்தால் பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது. எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய் விட்டது. இதற்கு ஏர் எடுத்துப் பயன் இல்லை. பழுதான உறுப்பை மாற்ற வேண்டும்.

மூன்று: காலையில் நன்றாக இருக்கிறது. மலை இறங்கும்போது மட்டும் போய் விடுகிறது. ஆறியதும் திரும்பி வருகிறது. ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், அல்லது பிரேக் விடாமல் கவ்விக் கொண்டிருக்கலாம். ஆறிய பிறகு சரியாகி விட்டதே என்று விட்டு விடக் கூடாது!

ஏர் எடுப்பது எப்படி?

பெரிய ரகசியம் எதுவும் இல்லை. 8 எம்.எம். ரிங் ஸ்பேனர் (பெரும்பாலான வண்டிகளுக்கு இந்த அளவுதான்), ஒரு முழம் கண்ணாடி டியூப், ஒரு காலி பாட்டில், சீல் உடைக்காத பிரேக் ஆயில். இவ்வளவுதான் சாமான்.

முதலில் ஆயில் டப்பாவின் மேல் உள்ள தூசியைத் துடைத்து விட்டு மூடியைத் திறக்க வேண்டும். பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும்.

கேலிப்பரில் சின்ன மூக்கு போல ஒன்று நீட்டிக் கொண்டிருக்கும். அதுதான் நிப்பிள். அதில் முதலில் ஸ்பேனரைப் போட்டு, பிறகு டியூபை மாட்டி, மறு முனையை பாட்டிலில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றி அதற்குள் முழுகும்படி விட வேண்டும்.

இனி இரண்டு பேர் வேலை. ஒருவர் பெடலை மெதுவாக நாலைந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்துக் கொள்கிறார். மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறார். ஆயிலும் குமிழும் டியூபில் பாய்கின்றன. பெடல் அடிக்கு இறங்குகிறது. நிப்பிளை மூடுகிறார். மூடிய பிறகுதான் பெடலில் இருந்து காலை எடுக்க வேண்டும்.

இந்த வரிசை தப்பினால் போச்சு! நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்து விடும்.

"மிதி... பிடி... விடாத, விடாத... ம், இப்ப விடு!" பட்டறையில் கேட்கும் இந்தக் குரல் சும்மா இல்லை.

டியூபில் குமிழே இல்லாமல் தெளிந்த ஆயில் வரும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு கண் டப்பாவின் மேல் இருக்க வேண்டும். பின் பிரேக் டப்பா மிகச் சிறியது. நாலு மிதியில் வற்றி விடும். வற்றினால் காற்று உள்ளே போகும். முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கடைசியில் நிப்பிளை அளவாக இறுக்க வேண்டும். பலசாலித்தனம் காட்டினால் ஒடிந்து போகும்.

மூக்கு மேலே பார்க்க வேண்டும்

"மூணு தடவை ஏர் எடுத்தும் பெடல் கெட்டியாகல" என்ற புகார் டர்ட் பைக்குகளில் வருவது உண்டு. அங்கே கம்பவுண்டரை நினைத்துக் கொள்ளுங்கள். காற்று எப்போதும் மேலேதான் போகும். நிப்பிள் கேலிப்பரின் உச்சியில் இல்லை என்றால், அதற்கு மேலே உள்ள மூலையில் காற்று ஒளிந்து கொள்ளும்.

அப்போது கேலிப்பரைக் கழற்றி, நிப்பிள் மேலே பார்க்கும்படி தூக்கிப் பிடித்து ஏர் எடுக்க வேண்டும். பேடுகளுக்கு நடுவே டிஸ்க் தடிமனுக்கு ஒரு கட்டை வைப்பது கட்டாயம். இல்லாவிட்டால் பிஸ்டன் துள்ளி வெளியே வந்து விடும். சிலர் சிரிஞ்சு கொண்டு கீழே நிப்பிள் வழியாக ஆயிலை ஏற்றி, காற்றை மேலே டப்பாவுக்குத் தள்ளுவார்கள். அதுவும் நல்ல வழிதான்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கு இன்னொரு எச்சரிக்கை. 125 சி.சி.க்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலில் இருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலில் இருந்தும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது. அதன் பெட்டிக்குள் காற்று புகுந்து விட்டால் சில வண்டிகளில் கையால் எடுக்க முடியாது. கம்பெனி சர்வீசில் கம்ப்யூட்டரை மாட்டித்தான் எடுக்க வேண்டி வரும்.

"டாப் அப்" என்றால் உஷார்!

"ஆயில் கம்மியா இருக்கு சார், ஊத்திட்டேன்" என்று கடைப் பையன் சொன்னால் திருப்திப்பட்டுக் கிளம்பி விடாதீர்கள்.

பிரேக் ஆயில் என்ஜின் ஆயில் போலச் செலவாகும் பொருள் அல்ல. அளவு இறங்கினால் காரணம் இரண்டுதான். ஒன்று, பேடு தேய்ந்திருக்கிறது. மற்றொன்று, எங்கோ கசிகிறது. இரண்டையும் பார்க்காமல் ஆயில் ஊற்றுவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது போலத்தான்.

எந்த ஆயில் என்பதை டப்பா மூடியில் பார்க்கலாம். டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே ஜாதி. டாட் 5 மட்டும் சிலிக்கோன். அதை இவற்றோடு கலக்கவே கூடாது. என்ஜின் ஆயிலோ, வேறு எந்த எண்ணெயோ ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப் போகும். பிறகு மொத்தமும் தண்டம்.

மாதக்கணக்கில் திறந்து வைத்த பாட்டில் வேண்டாம். உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நல்ல மெக்கானிக் கோபித்துக் கொள்ள மாட்டார்.

பிரேக் ஆயில் பெயின்டை அரித்து விடும். பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். டிஸ்க்கிலோ பேடிலோ ஒரு சொட்டு பட்டாலும் பிடிமானம் போய் விடும். எடுத்த பழைய ஆயில் விஷம். குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்.

வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக் கொண்டு பறக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே பெடலைப் பல முறை மிதித்து கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆள் இல்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, நிறுத்திப் பார்க்க வேண்டும். பின் சீட்டில் ஆளை ஏற்றுவது அதற்குப் பிறகுதான்.

மலை இறங்கும்போது...

பிரேக் நன்றாக இருந்தாலும் அதைப் போட்டு வாட்டக் கூடாது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். என்ஜினே பாதி பிரேக். பின் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும்.

"பெட்ரோல் மிச்சம்" என்று என்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்குகிறவர்கள் உண்டு. மிச்சமாவது சில ரூபாய். பணயம் வைப்பது மூன்று உயிர்!

தப்பித் தவறி பெடல் விழுந்தே விட்டால் பதற வேண்டாம். வேகமாகப் பல முறை மிதித்துப் பாருங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். முன் பிரேக்கை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள். வண்டி நின்றதும் ஓரம் கட்டி ஆற விடுங்கள். ஆறிய பிறகு பெடல் திரும்பி வந்தாலும் அதை நம்பி இறங்காதீர்கள். பிரேக்கைச் சரி பார்த்த பிறகுதான் பயணம்.

ஒரு பாட்டில் ஆயில், அரை மணி நேரம், கூட ஒரு கால். பின் பிரேக் கேட்பது இவ்வளவுதான். குடும்பத்தோடு ஓட்டலில் டிபன் சாப்பிடும் செலவு கூட ஆகாது. அதுவும் 2 வருடத்துக்கு ஒரு தடவை!

ஆரம்பத்தில் பார்த்த வாலிபரிடம் திரும்புவோம். மலை ஏறுமுன் போளூரில் டீ குடிக்க நிறுத்தியபோது பெடலை ஒரு முறை அழுத்திப் பார்த்திருந்தால், அந்தக் கொண்டை ஊசி வளைவு அவருக்கு வெறும் வளைவாகவே இருந்திருக்கும். தேனும் சாமையும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருக்கும். குழந்தையும்தான்.

காற்று டயரில் இருக்கட்டும். பிரேக்கில் வேண்டாம்!